கடைசி விடுமுறை, முதல் பயணம்!

கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் நண்பர்களோடு ஊர் சுற்றக் கிளம்பும் பருவம் இது. எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள், நாம் ஏன் அவர்களை அனுப்பி வைக்க வேண்டும்?

ஏப்ரல் பிற்பாதி வந்துவிட்டால் தமிழ்நாட்டின் கல்லூரி வாசல்களில் ஒரே காட்சிதான். கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஹாஸ்டல் வராந்தாவில் பெட்டி, பக்கெட், சுருட்டிய மெத்தை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அழைத்துப்போக வந்த அப்பா, வார்டனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பரபரப்பிலும் ஒரு கேள்வி மட்டும் வாய்க்கு வாய் மாறிக்கொண்டே இருக்கிறது: "மச்சான், டிரிப் என்னடா ஆச்சு?"

அது முதல் வருடத்தில் போட்ட பிளான். கோவா என்று தொடங்கியிருப்பார்கள். நடுவில் யாரோ மணாலி என்றிருப்பார்கள். அரியர், இன்டெர்னல், சிம்போசியம், பிளேஸ்மென்ட் என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் அது தள்ளித் தள்ளிப் போயிருக்கும். கடைசியில், "கொடைக்கானலோ கொல்லிமலையோ, ரெண்டு நாளாவது போயிட்டு வந்துரலாம்டா" என்ற இடத்தில் வந்து நிற்கும். அந்த இரண்டு நாளாவது கிடைக்குமா என்பதுதான் இப்போதைய தவிப்பு.

இந்தத் தவிப்புக்குக் காரணம் இருக்கிறது. புராஜெக்ட் வைவா முடிந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. கேம்பஸில் தேர்வானவர்கள் ஜாயினிங் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். மேலே படிக்க நினைப்பவர்கள் விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர் என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஊழியர் என்ற பெயர் இன்னும் வரவில்லை. இந்தச் சில வாரங்கள் போய்விட்டால், இதே ஆட்களை இதே மனநிலையில் ஒரே ஊரில் திரட்டுவது நடக்காத காரியம். அது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் புரிவதில்லை. "இத்தனை வருஷம் ஒண்ணாத்தானே இருந்தீங்க, இன்னும் என்ன சுத்தல்?" என்பது பல வீடுகளில் கேட்கும் வசனம். இந்தப் பயணத்தை வெட்டிச் செலவாகவும் ஊதாரித்தனமாகவும் பார்க்கும் பெற்றோர் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. உறவினர்களின் துணையில்லாமல், தானே தேர்ந்துகொண்ட மனிதர்களோடு ஓர் ஊருக்குப் போய்த் திரும்பும் அனுபவம், நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த வயதில்தான் முதன்முதலாக வாய்க்கிறது. வேலையும் திருமணமும் வந்து அவர்களைப் பிடித்துக்கொள்ளும் முன் அது கிடைத்தாக வேண்டும்.

உறவுக்கு வெளியே ஓர் உலகம்

நம் குடும்பங்களில் பயணம் என்றால் அதற்கொரு காரணம் இருக்க வேண்டும். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, பழனிக்கு முடி காணிக்கை, திருச்செந்தூரில் காதுகுத்து, அத்தை வீட்டுக் கல்யாணம், பெரியப்பா வீட்டுத் துக்கம். வண்டி நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளைகள் உடன் போவார்கள், அவ்வளவுதான். கோயில் வாசலும் மண்டபமும் தவிர அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே திரும்பியிருப்பார்கள்.

நண்பர்களோடு போகும் பயணத்தில் முதன்முறையாக எல்லா முடிவும் அவர்கள் கையில். பஸ்ஸா ரயிலா, எந்த லாட்ஜ், எவ்வளவு வாடகை, மழை வந்தால் என்ன செய்வது, ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கூட இருப்பது என்று பத்துப் பேர் பத்து விதமாகப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். இருபது வயதில் இதைப் பழகாதவர்கள், முப்பது வயதில் ஓர் அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்கவே தயங்குவார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உள்ள விஷயம். மத்திய அரசின் 2021-22 உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, நம் மாநிலத்தில் 18 முதல் 23 வயதுள்ளோருடன் ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் 47 சதவிகிதம். தேசிய சராசரியோ 28.4 சதவிகிதம்தான். இதில் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இந்தக் கைப்பணத்தில் புத்தகமும் பஸ் கட்டணமும் பார்த்துக்கொண்ட தலைமுறை இது. இவர்களுடைய அப்பா, அம்மாவுக்குக் கல்லூரி டிரிப் என்ற அனுபவமே கிடையாது. தாங்கள் அறியாத ஒன்றைப் பற்றி அவர்கள் பயப்படுவது இயல்பு. அதற்காக அந்தப் பயத்தைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்துவிடக் கூடாது.

கணக்குப் பார்க்கும் நண்பன்

ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு வைப்பவன் ஒருவன் இருப்பான். டீக்கடையில் கொடுத்தது, டோல்கேட்டில் கட்டியது, ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பியது என எல்லாவற்றையும் மொபைலில் குறித்துவைத்து, கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று குரூப்பில் போடுவான். "ஜிபே பண்ணுங்கடா" என்று நாலு நாள் கத்துவான். அவன் இல்லையென்றால் எந்த டிரிப்பும் நடக்காது.

இந்தக் கணக்கில்தான் நட்பின் உண்மையான முகம் தெரியும். பத்துப் பேரில் இரண்டு பேருக்கு அந்தப் பணம் பெரிய தொகை. அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். "எனக்கு வேலை இருக்குடா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்குவார்கள். நல்ல கூட்டம் அதைப் புரிந்துகொள்ளும். ரிசார்ட்டை விட்டுவிட்டு லாட்ஜைப் பிடிக்கும். காரை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறும். இல்லையென்றால் அவன் பங்கை யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் பிரித்துக்கொள்வார்கள். அவனிடம் பேச்சே எடுக்க மாட்டார்கள். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. வாங்கியவர் தலை குனிய நேராது. பிறர் மானத்தைக் காப்பாற்றி உதவத் தெரிந்த பிள்ளை, எங்கே போனாலும் நல்ல மனிதனாக இருப்பான்.

செலவைக் குறைக்க வழி தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. மலைக்குப் போக அரசு பஸ்ஸே போதும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அனுபவமுள்ள ஓட்டுநரின் கையில் வண்டி இருப்பது கூடுதல் நிம்மதி.

எங்கே போகலாம்?

கொடைக்கானலுக்கு எப்போதும் ஒரு தனி இடம் உண்டு. 2024-ல் வெளியான 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் அதைக் கல்லூரிப் பிள்ளைகளின் கனவு ஊராகவே ஆக்கிவிட்டது. 2006-ல் கொச்சிக்கு அருகில் உள்ள மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்துவிட, இன்னொருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிரோடு தூக்கி வந்தார். அந்த உண்மைச் சம்பவம்தான் படம். அதைப் பார்த்துவிட்டு நட்பின் வலிமையை நினைத்துக் கண்கலங்கியவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தடுப்பைத் தாண்டியதால் நேர்ந்த விபத்து அது. குணா குகைக்குள் இறங்க இப்போது வழியில்லை; இரும்பு வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதுவே போதும்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஒரு வழியாவது மலை ரயிலில் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தில் சக்கரப் பற்கள் பொருந்தி, ரயில் மெல்ல மெல்ல மேலேறும். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்தப் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காரில் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நண்பர்களோடு போகிறவர்களுக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் பயணமே. அவரவர் வீட்டுக் கதை, முதல் வருட ராகிங் பயம், சொல்லாமல் விட்ட காதல் எல்லாம் ஜன்னலோரத்தில் பேசப்படும். கோடையில் டிக்கெட் கிடைப்பது சிரமம். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

கடல் பக்கம் என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அந்த ஊரையே கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்பட்டது. அதற்கு முன்னால் மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1914-ல் கட்டிய பழைய பாலத்துக்கு மாற்றாக வந்த இதில், கப்பல் வரும்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும். ராமேஸ்வரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல் சூழ நிற்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வந்த கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஓர் ஊர் எப்படி ஒரே இரவில் இல்லாமல் போகும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித் தராத விதத்தில் அந்த மணல் சொல்லும்.

கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான். ஏறும்போதுதான் யார் யாருக்குக் கை கொடுக்கிறார்கள் என்று தெரியும். ஆழியாறிலிருந்து 40 வளைவுகள் ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மதுரைப் பக்கம் போனால், 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை விட்டுவிடக் கூடாது. குற்றாலத்துக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஜூனில் சாரல் விழுந்தால்தான் அங்கே சீசன்.

வெளியூர் போக முடியாதவர்கள் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. மதுரையில் படித்தவர்கள் சித்திரைத் திருவிழா முடியும் வரை ஊருக்குக் கிளம்பாமல் இருந்து, சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதை நண்பர்கள் தோளில் கைபோட்டு நின்று பார்த்தால் அதற்கு ஈடாக எந்த மலையும் இல்லை. திருச்சிக்காரர்களுக்குக் கல்லணையும் முக்கொம்பும் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரம் ஒரு நாள் பயணம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு மதியச் சாப்பாட்டுத் தூரம். கல்லூரிக்கு எதிரில் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் கடைசியாக ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, அந்தக் கடைக்கார அண்ணனுக்கு நிலுவைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருவதும் இந்தக் கோடையில் செய்ய வேண்டிய காரியம்தான்.

நண்பன் வீட்டுத் திண்ணை

சுற்றுலாத் தலங்களை விடவும் முக்கியமான ஒரு பயணம் இருக்கிறது. அது நண்பர்களின் வீடுகளுக்குப் போவது. தமிழ்நாட்டுக் கல்லூரி வாழ்க்கையில் இது ஒரு வழக்கமாகவே ஊறியிருக்கிறது. ஒருவன் ஊரில் அம்மன் கோயில் கொடை என்றால் கூட்டமாகப் போய் இறங்குவார்கள். ஒருத்தியின் அக்காவுக்குக் கல்யாணம் என்றால் முதல் நாளே போய்ப் பந்தி பரிமாறுவார்கள். கடைசிக் கோடையில் இதையே ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளும் கூட்டங்கள் உண்டு. இன்று திருவாரூர், நாளை மன்னார்குடி, அடுத்து பட்டுக்கோட்டை என்று வீடு வீடாகப் போவார்கள்.

கூட ஒரே அறையில் மூன்று வருடம் படுத்துத் தூங்கியவனைப் பற்றி அவன் வீட்டுக்குப் போகும்போதுதான் தெரிந்துகொள்கிறோம். நன்றாக உடுத்தி, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவனின் வீடு ஓட்டுச் சரிவு ஒழுகும் ஓர் அறையாக இருக்கும். அவனுடைய அம்மா மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, பிள்ளையின் நண்பர்கள் வருகிறார்கள் என்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பார். "சாப்பிடுங்கப்பா, வெக்கப்படாம சாப்பிடுங்க" என்று திரும்பத் திரும்பப் போடுவார். பீஸ் கட்டும் கடைசி நாளன்று அவன் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்பது அப்போது விளங்கும். அதன் பிறகு அவனைக் கிண்டல் செய்ய வாய் வராது. மதிப்பு மட்டும் கூடும்.

இதில் சாதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஊரும் தெருவும் சுடுகாடும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்தவர்கள் நாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதி நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. பள்ளி வயதிலேயே அந்த விஷம் இறங்குகிறது என்றால், அதற்கு முறிவு எங்கே கிடைக்கும்? அறிக்கையும் சட்டமும் அவசியம்தான். ஆனால், நண்பனின் அம்மா கையால் சோறு வாங்கித் தின்றவன், அவன் தங்கையை "பாப்பா" என்று கூப்பிட்டு விளையாடியவன், அந்த வீட்டுப் பாயில் படுத்து எழுந்தவன், நாளைக்கு எந்தச் சங்கத்துக்காரன் வந்து என்ன சொன்னாலும் அந்தத் தெருவுக்கு எதிராகக் கை ஓங்க மாட்டான். அதனால்தான் இந்தப் பயணங்கள் நடக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுப்பு?

ஆண் பிள்ளை "போயிட்டு வரேன்" என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. பெண் பிள்ளைக்கோ விசாரணை ஆரம்பிக்கும். "யார் யார் வர்றாங்க? பசங்க யாராவது உண்டா? எங்க தங்குவீங்க? அந்தப் பிள்ளை வீட்டுல விட்டுட்டாங்களா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகும், "கல்யாணம் ஆனதும் புருஷனோட போய்க்க" என்ற தீர்ப்பு வரும். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்ட வீடுகளில் இந்தக் கேள்வியையே எழுப்ப முடியாது.

பயம் நியாயமானது. காலம் கெட்டுக் கிடக்கிறது என்று எல்லா அம்மாக்களும் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அதே பெண் ஜூலையில் பெங்களூருக்கோ சென்னை ஓ.எம்.ஆருக்கோ தனியாக வேலைக்குப் போகப் போகிறாள். இரவு ஷிப்ட் முடிந்து கேபில் வரப் போகிறாள். தெரியாத ஊரில் பி.ஜி தேடப் போகிறாள். சம்பளத்துக்காக அனுப்பத் துணியும் நாம், அதற்குப் பழகிக்கொள்ள ஐந்தாறு தோழிகளோடு இரண்டு நாள் போய் வர மட்டும் மறுக்கிறோம். தனியாக உலகத்தை எதிர்கொள்ளும் முன் கூட்டாக ஒருமுறை எதிர்கொள்ள விடுவதுதான் பாதுகாப்பு.

பெண்களின் நடமாட்டம் கூடினால்தான் பொது இடங்கள் பெண்களுக்கு ஏற்றவையாக மாறும். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லா டவுன் பஸ் திட்டம் லட்சக்கணக்கான பெண்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. 2024-ல் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கும் அது நீண்டது. ஊர்க்காரப் பெண்களுக்கு மட்டுமல்ல, அங்கே போகும் மாணவிகளுக்கும் அந்த பஸ் ஒரு துணை. சாதாரண ஜனங்களோடு, பெண்கள் நிறைந்த வண்டியில் போவதைவிடப் பாதுகாப்பான வழி குறைவு.

தோழிகள் கூட்டாகக் கிளம்பும்போது தங்கும் இடத்தை முன்பே பதிவு செய்யட்டும். அதன் பெயரையும் போன் நம்பரையும் வீட்டில் கொடுக்கட்டும். இருட்டும் முன் அறைக்குத் திரும்பட்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் 112 என்ற அவசர உதவி எண்ணையும் எல்லோருடைய மொபைலிலும் போட்டு வைக்கட்டும். இதற்கு மேல் கட்டுப்பாடு தேவையில்லை. மணிக்கொரு தரம் வீடியோ கால் கேட்டு அந்த இரண்டு நாளையும் பாழாக்க வேண்டாம்.

எல்லோரும் உயிரோடு திரும்ப வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு, மனதைப் பிசையும் சில தேதிகளையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 11: தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 20: வால்பாறை அருகே சோலையாற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். 2024 மே 6: நண்பர் வீட்டுத் திருமணத்துக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் லெமூர் கடற்கரையில் அலையில் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' என்னும் திடீர்ப் பேரலை எச்சரிக்கை அமலில் இருந்தது.

இவர்களுடைய பெற்றோரும் நம்பித்தான் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு போகிறவர்களின் கையில் இருக்கிறது.

முதலில் தண்ணீர். நண்பர்கள் கூட்டத்தில் நடக்கும் சாவுகளில் பலவும் தண்ணீரில்தான். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். அணைக்குக் கீழே திடீரென்று நீர் திறப்பார்கள். அருவிப் பாறையில் பாசி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் இறங்காதீர்கள். கடற்கரையில் மீனவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் மூழ்கினால் அவரைக் காப்பாற்ற நீச்சல் சரியாகத் தெரியாத இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரு சாவு ஐந்தாகிறது. கயிறு, துண்டு, துப்பட்டா, காலிக் குடம், கையில் கிடைப்பதைக் கரையிலிருந்து வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

அடுத்தது சாலை. இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு விடியற்காலையில் மலை ஏறாதீர்கள். தூக்கக் கலக்கம் வரும் நேரமே அதுதான். மலைப்பாதையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். வண்டி வாடகைக்கு எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். நாமே ஓட்ட எடுக்கும் வண்டிக்குக் கறுப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் கொடுத்தார் என்று வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குப் போய் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது பெரும்பாடாகிவிடும். பைக்கில் போவதென்றால் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

மூன்றாவது காடு. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால், அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களே வழிகாட்டியாக வருவார்கள். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் அதை மதிக்க வேண்டும். குறுக்கு வழியில் கூட்டிப்போவதாகச் சொல்பவரை நம்பிக் காட்டுக்குள் நுழைவது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

கடைசியாக மது. "டிரிப்னா அது இல்லாமலா" என்று நினைக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு அப்பால், குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியும் வண்டி எடுத்தும் போன உயிர்களை நினைத்துப் பாருங்கள். "வேண்டாம்" என்று சொல்லும் நண்பனை வற்புறுத்தாதீர்கள். காட்டில் உடைத்துப் போடும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது. இதற்காகவே உயர் நீதிமன்றம் தலையிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் ஏற்பாடு 2022-ல் நீலகிரியில்தான் முதலில் வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போனால் குடிநீர் ஏ.டி.எம்-மில் நிரப்பிக்கொள்ளலாம்.

இனி நம் முறை

இன்னும் சில மாதங்களில் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒருவர் ஓசூர் கம்பெனியில், ஒருவர் துபாயில், ஒருவர் டி.என்.பி.எஸ்.சி கோச்சிங்கில், ஒருத்தி கல்யாணமாகி வேறு ஊரில். விடிய விடிய மெசேஜ் ஓடிய வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். "அடுத்த வருஷம் கண்டிப்பா மீட் பண்றோம்" என்ற வாக்குறுதிக்கு லீவு கிடைக்காது. வேலை போய் நிற்கும்போதும், வீட்டில் ஒரு சாவு விழும்போதும், முன்பின் யோசிக்காமல் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். நான்கு சுவர் வகுப்பறையில் பக்கத்தில் உட்கார்ந்ததால் மட்டும் அந்த உரிமை வருவதில்லை. மழையில் ஒன்றாக நனைந்து, பஸ்ஸைத் தவறவிட்டுச் சண்டை போட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டு, பத்திரமாகத் திரும்பி வந்தவர்களுக்குள்தான் அது வருகிறது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐ.வி (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்ற பெயரில் ஒரு தொழிற்சாலையைக் காட்டிவிட்டு மூன்று சுற்றுலாத் தலங்களுக்கு ஓட்டிப்போவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. தேர்வு முடிந்தவுடன் கிளம்பப் போகும் பிள்ளைகளுக்கு நீர்நிலை, மலைச்சாலை, முதலுதவி பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுங்கள். தீயணைப்புத் துறையையும் வனத்துறையையும் அழையுங்கள். ஒரு மதியம் போதும்; அது ஓர் உயிரைக் காக்கும்.

மாணவர்களுக்கு: கோவா இல்லையென்று வருந்தாதீர்கள். பக்கத்து மாவட்டத்து மலை போதும். எல்லோராலும் கொடுக்க முடிந்த தொகையில் திட்டம் போடுங்கள். ஒதுங்கி நிற்பவரைத் தேடிப்போய்க் கூப்பிடுங்கள். போகும் இடத்தை வீட்டில் உண்மையாகச் சொல்லுங்கள். பொய் சொல்லிவிட்டுப் போன இடத்தில் ஆபத்து வந்தால் உதவி கேட்கவும் கூச்சம் வரும்.

பெற்றோர்களே, இந்த வாரம் உங்கள் மகளோ மகனோ தயங்கித் தயங்கி வந்து நிற்கலாம். எங்கே, யாருடன், எப்படி, எப்போது திரும்புவாய் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் மறுக்காதீர்கள். செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, "தண்ணியில மட்டும் பார்த்து இறங்கு" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வாருங்கள்.